ரசீது எங்கே?

சென்ற வாரம் ஆவுடையார்கோவில் தாலூகாவிலிருந்து ஒரு விவசாயி நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கையிலிருந்த மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நம் மேஜைமேல் பரப்பினார். அவருடைய மகன் ஸௌதி அரேபியாவில் ரியாத் நகரத்துக்கு வேலைக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மகனை அனுப்புவதற்காகச் செலவிட்ட தொகைக்கெல்லாம் அத்தாட்சி அந்தப் பையில் இருப்பதாக அவர் நினைத்திருந்தார். பாஸ்போர்ட்டுக்குக் கட்டிய 1,500 ரூபாய்க்கு ரசீது இருந்தது. வைத்தியப் பரிசோதனைக்கு ரசீது இருந்தது. இன்ஷியூரன்ஸுக்கும், விசா முத்திரைக்கும், பள்ளிக்கூட ஸர்டிபிகேட்டை அத்தாட்சி செய்ததற்கும் ரசீதுகள் இருந்தன. ஐந்தையும் கூட்டினால் 15,000 ரூபாய்கூட ஆகவில்லை. ஆறாவதாக ஒரு நோட்டுப் புஸ்தகத் தாள். அதில் அவருடைய கையெழுத்தில், இரண்டு தவணையாக 1,20,000 ரூபாய் ஏஜெண்டிடம் கொடுத்ததாக எழுதியிருந்தது. வாங்கியவருடைய கையெழுத்து அதில் இல்லை.

“ஐயா, பையன் அக்காமாவை முதலாளி புதுப்பிக்கவில்லையாம். சொன்ன சம்பளமும் இல்லையாம். இந்தப் பணத்துக்குக் கேசு போட முடியுங்களா?” என்று கேட்டார். அதற்கு நாம் சொன்ன பதிலை இக்கட்டுரையின் முடிவில் தெரிவிக்கிறோம். அதற்கு முன், அந்தப் பையில் கண்ட கணக்கை நமது ஜில்லா ஜனங்கள் அனைவரும் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம். சர்க்கார் வாங்கும் சிறு தொகை ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. ஒரு குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் பெருந்தொகைக்கு மட்டும் ரசீது இல்லை. அயல்நாட்டில் பிழைக்கப் போகும் நம் வாலிபர்களின் கஷ்டங்களில் பாதிக்குமேல் இந்த ஒரு குறையிலிருந்தே பிறக்கின்றன என்பது நமது அபிப்பிராயம்.

புதுக்கோட்டை ஜில்லாவுக்கு அயல்நாட்டுப் பிரயாணம் புதிதன்று. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இந்திய யூனியனுடன் இணையும் வரையில் தொண்டைமான் மன்னர்களின் ஸமஸ்தானமாயிருந்து, பிறகு திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாகி, 1974-இல் தனி ஜில்லாவான இப்பிரதேசத்தில், விவசாயம் பெரும்பாலும் வானத்தையும் கண்மாயையும் நம்பியது. மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணிகளின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் புதுக்கோட்டையார் கணிசமானவர்கள். திருமயம், பொன்னமராவதி பக்கத்து நகரத்தார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்தினார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் ‘சபராளி’ என்ற சொல் வீட்டுச் சொல்லாகவே இருந்து வருகிறது. இன்று அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி, மணமேல்குடி என்று எந்தத் தாலூகாவை எடுத்துக்கொண்டாலும், சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ ஆள் போகாத கிராமத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவர்களால் தேசத்துக்கு வரும் லாபம் அற்பமன்று. ரிஸர்வ் பாங்கு வெளியிட்ட கணக்கின்படி, 2023-24-ஆம் ஆண்டில் அயல்நாடுகளில் வாழும் இந்தியர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பிய தொகை 11,870 கோடி டாலர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய 1,200 கோடி டாலர். மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த மூன்றாவது இடம் நம்முடையது. இந்தப் பணத்தை வரவு வைத்துக்கொள்ளும்போது தேசம் பெருமைப்படுகிறது. நியாயந்தான். ஆனால் இதை அனுப்புகிறவன் வீட்டை விட்டுப் புறப்படும்போதே எவ்வளவு கடன் சுமந்துகொண்டு புறப்படுகிறான் என்ற கணக்கை எந்தச் சர்க்கார் புஸ்தகத்திலும் காணோம்.

முதலில் சர்க்கார் வாசல்களைப் பார்ப்போம். குறை சொல்வதற்காகவே குறை சொல்வது நமது நோக்கமன்று. பாஸ்போர்ட் வாங்குவது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. பத்தாவது வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட பதினெட்டுத் தேசங்களுக்கு வேலைக்குப் போவதானால் சர்க்காரின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதற்கும் கணினி வழியாக மனுச் செய்ய ஏற்பாடு இருக்கிறது. அவர்களுக்கென்று ஏற்பட்டுள்ள விபத்து இன்ஷியூரன்ஸ், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் மூன்று வருஷத்துக்கு 375 ரூபாயும் கட்டினால், மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரையில் அளிக்கிறது. இவை நல்ல காரியங்கள்.

ஆயினும் வாசலுக்கு வாசல் அலையும் தொல்லை ஒழிந்தபாடில்லை. பெயர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நம்மவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே போட்டுக்கொள்வதே தமிழர் வழக்கம். பள்ளிக்கூட ஸர்டிபிகேட்டில் அந்த எழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதை விரித்தெழுத வேண்டும். ஆதார் அட்டையிலோ வேறொரு எழுத்துக்கூட்டல் இருக்கும். 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐக்கிய அரபு நாடுகள், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க முடியாதென்று அறிவித்தன. பின்பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வருவதற்குள் எத்தனை பேர் கலங்கினார்களோ! ஓர் எழுத்தைத் திருத்துவதற்காகக் கூலி வேலையை விட்டுவிட்டுத் திருச்சிராப்பள்ளிக்கு நாலு நடை நடப்பவனுக்கு, நாலு நாள் கூலியும் பஸ் செலவும் நஷ்டம். இந்த நஷ்டத்துக்கும் ரசீது கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, பெருந்தொகையின் விஷயத்துக்கு வருவோம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்ற ஏஜெண்டுதான் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. அது 30,000 ரூபாய். 18 சதவிகித வரியையும் சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு அவர் ரசீதும் கொடுக்க வேண்டும். அப்படியானால், நமது காரியாலயத்துக்கு வந்த விவசாயி கொடுத்த 1,20,000 ரூபாய் எங்கே போயிற்று?

அது போன வழி கிராமத்தில் யாவருக்கும் தெரிந்ததே. பதிவு பெற்ற ஏஜெண்டு சென்னையிலோ பம்பாயிலோ இருக்கிறார். அவரைக் கிராமத்து மனிதர் கண்ணால் கண்டதில்லை. அவருக்கும் இவருக்கும் நடுவே இரண்டு மூன்று கைகள் இருக்கின்றன. கடைசிக் கை பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். தாமே முன்பு அயல்நாட்டில் இருந்து திரும்பியவர். சில சமயம் சொந்தக்காரர். ‘மாமா’ என்றும் ‘மச்சான்’ என்றும் கூப்பிடுகிற மனிதரிடம் ரசீது கேட்பது மரியாதைக் குறைவென்று நம்மவர் கூசுகிறார்கள். அந்தக் கூச்சமே அவர்களுக்கு மூலதனமாகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கி, மிச்சம் மேலே போகிறது. ‘ஃப்ரீ விசா’ என்று ஒரு சரக்கும் விற்பனையாகிறது. பெயரில் ‘ஃப்ரீ’ என்று இருந்தாலும் அது இலவசமுமன்று, சுதந்திரமுமன்று. அங்கே ஒரு கபீலின் பெயரில் விசா வாங்கிக்கொண்டு, வேலையை மட்டும் வேறிடத்தில் தேடிக்கொள்வது. பிடிபட்டால் குற்றவாளியாவது போனவன், விற்றவன் அல்லன்.

அந்தப் பெரியவர் 1,20,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாத வட்டி 3,600 ரூபாய். பதினான்கு மாதத்தில் வட்டி மட்டும் 50,400 ரூபாய். முதலில் ஒரு காசும் குறையவில்லை. சட்டம் சொல்லும் 35,400 ரூபாயோடு நின்றிருந்தால், அதே வட்டிக்குக்கூட மாதம் 1,062 ரூபாய்தான் ஆகியிருக்கும். மகன் அனுப்பிய பணத்தில் ஒரு கண்மாய்க்கரை வீட்டின் கூரையை மாற்றியிருக்கலாம், ஒரு தங்கையின் படிப்பை முடித்திருக்கலாம். அவ்வளவும் வட்டிக்காரரின் பெட்டிக்குப் போயிருக்கிறது.

இதில் நம் உள்ளத்தைக் கொதிக்கச் செய்வது மற்றொரு விஷயம். இந்தச் செலவு எவன் கொடுக்க வேண்டிய செலவு? ஸௌதி அரேபியாவின் தொழிலாளர் சட்டம் 40-ஆவது ஷரத்தில், அயல்நாட்டு ஆளை வரவழைக்கும் கட்டணம், அக்காமாவுக்கும் வேலை அனுமதிக்கும் உரிய கட்டணம், அவற்றைப் புதுப்பிக்கும் கட்டணம், தாமதத்தால் விழும் அபராதம், வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் ஆகிய எல்லாவற்றையும் முதலாளியே ஏற்க வேண்டுமென்று சொல்கிறது. ஐக்கிய அரபு நாடுகளில் 2022 பிப்ரவரி முதல் அமுலிலுள்ள தொழிலாளர் சட்டம், ஆள் சேர்க்கும் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடமிருந்து வசூலிப்பதைத் தடை செய்கிறது. சிங்கப்பூரில் அயல்நாட்டுத் தொழிலாளிக்காகச் சர்க்காருக்குக் கட்டும் வரியை முதலாளி தொழிலாளியின் தலையில் சுமத்தக்கூடாது. ஆக, அங்குள்ள சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டியதை, இங்குள்ள தகப்பனார் நிலத்தை அடகு வைத்துக் கொடுக்கிறார். இரண்டு தேசத்துச் சட்டங்களும் ஏட்டில் சரியாகவே இருக்கின்றன. நடுவில் உள்ள கடலில்தான் அவை காணாமற் போகின்றன.

சரித்திரத்தைப் புரட்டினால் நாம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற உத்தியோகப் பெயர் நமது சுதந்திர சர்க்கார் கண்டுபிடித்ததன்று. ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய காலத்துப் பிரிட்டிஷ் சர்க்கார் வைத்த பெயர் அது. அந்தக் காலத்தைப் புகழ நமக்கு யாதொரு காரணமுமில்லை. கூலிகள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறும். ஆனால் அந்தக் கொடிய காலத்திலும், 1907-இல் மலேயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆவடியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் போகும் தொழிலாளியின் கப்பற் செலவு அந்த நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டது. தோட்டக்காரர்கள் தர்மசிந்தையால் இதைச் செய்யவில்லை. ஆள் தேவை என்பதற்காகவே செய்தார்கள். இன்றைய முதலாளிகளுக்கும் ஆள் தேவைதான். சுதந்திர இந்தியாவின் பிரஜை, தன்னைத் தேவைப்படுபவனிடம் போவதற்குத் தானே விலை கொடுக்கிறான் என்றால், இதை என்னவென்று சொல்வது?

புறப்பட்ட பிறகாவது தொல்லை தீருகிறதா? அங்கே போன பின்பு வாழ்வே ஒரு காகிதத்தில் தொங்குகிறது. முதலாளி அக்காமாவைப் புதுப்பிக்காவிட்டால் குற்றம் முதலாளியுடையது; வீதியில் போலீஸைக் கண்டு ஒளிய வேண்டியவன் தொழிலாளி. தூதரகம் வேறொரு நகரத்தில் இருக்கும். அங்கே போக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். காகிதமில்லாதவன் பிரயாணம் செய்யவே அஞ்சுவான். குடும்பத்தை உடன் வைத்திருந்த நடுத்தர உத்தியோகஸ்தர்களும் தப்பவில்லை. ஸௌதி சர்க்கார் 2017 ஜூலை முதல் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று வரி விதித்து, ஆண்டுக்கு 100 வீதம் கூட்டி, 2020-இல் 400 ரியாலாக்கிற்று. மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ளவருக்கு ஆண்டுக்கு 14,400 ரியால். அநேகர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கத் துணிந்தனர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவி வேலையிழந்து நின்றபோது, மே 7-ஆம் தேதி முதல் நம் சர்க்கார் விமானங்களை அனுப்பியது. ஆனால் திரும்பியவர்களில் பெரும்பாலோர் டிக்கெட்டுப் பணத்தைத் தாமே கொடுத்துத்தான் தாய்மண்ணை மிதித்தார்கள்.

ஊருக்குப் பணம் அனுப்புவதிலும் ரசீதில் தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு. ‘கட்டணம் இல்லை’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். நாணய மாற்று விகிதத்தில் சில காசுகளைக் குறைத்துக் கொடுப்பார்கள். உலக நாடுகளெல்லாம் சேர்ந்து, 2030-க்குள் இந்தச் செலவை நூற்றுக்கு மூன்றுக்குக் கீழே கொண்டுவருவதாகத் தீர்மானம் செய்திருக்கின்றன. நமது சர்க்கார் 2023 பிப்ரவரியில் சிங்கப்பூருடன் செய்துகொண்ட ஏற்பாட்டால், அங்கிருந்து கைத்தொலைபேசி மூலமாகவே பணம் அனுப்பும் வசதி வந்திருக்கிறது. இது பாராட்டத்தக்க காரியம். இத்தகைய வசதி வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள் அனைவருக்கும் எட்ட வேண்டும்.

இத்தனை கஷ்டங்கள் இருந்தும் இவற்றைப் பற்றிச் சட்டசபைகளில் உரத்த குரல் எழும்பாததற்கு ஒரு காரணம் உண்டு. அயல்நாட்டிலுள்ள இந்தியப் பிரஜைக்கு வாக்குரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் கிடைத்தது. ஆனால் அவர் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டுப் பார்லிமெண்டுத் தேர்தலில் அயல்நாட்டு வாக்காளராகப் பதிவு செய்துகொண்டவர்கள் தேசம் முழுவதும் சுமார் 1,19,000 பேர். வந்து வாக்களித்தவர்கள் 3,000 பேருக்கும் குறைவு. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்தார். வாக்கில்லாதவனுடைய வழக்கு எந்த வேட்பாளருக்கும் அவசரமாகத் தோன்றுவதில்லை.

‘யாரும் இவர்களைப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே, தாமே விரும்பிக் கொடுக்கிறார்கள், சட்டத்தை இறுக்கினால் உள்ள வழியும் அடைபட்டுப் போகும்’ என்று சிலர் சொல்லக்கூடும். இதில் முதற்பகுதியை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கண்மாய் வறண்ட ஊரில் இருப்பவனுடைய விருப்பத்தைச் சுதந்திரமான விருப்பம் என்று சொல்ல முடியாது. இரண்டாம் பகுதியில் உண்மை இருக்கிறது. தடைகள் பெருகும்போது மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை; சுற்றுலா விசாவில் கள்ளத்தனமாகப் போகிறார்கள். அப்போது அவர்களுக்குச் சட்டத்தின் நிழல்கூடக் கிடைக்காது. ஏஜெண்டுகள் எல்லோரும் அயோக்கியர்கள் என்றும் நாம் சொல்லவில்லை. வேலையைத் தேடிக் கொடுப்பதும் உழைப்புத்தான். அதற்குக் கூலி நியாயமே. ஆகையால் நாம் தடையைக் கேட்கவில்லை. ரசீதைத்தான் கேட்கிறோம்.

சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவு பெறாமல் ஆள் சேர்ப்பதற்கும், வரம்புக்கு மேல் பணம் வாங்குவதற்கும் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் தண்டனை இரண்டாண்டு வரையில் சிறையும், 2,000 ரூபாய் வரையில் அபராதமும் ஆகும். நாற்பது வருஷத்துக்கு முன் 2,000 ரூபாய் பெருந்தொகையாக இருந்திருக்கலாம். இன்று லட்சங்களில் புரளும் தரகருக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. புதிய சட்டத்துக்கான வரைவு மசோதாக்கள் 2019, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் பொதுஜன அபிப்பிராயத்துக்கு வைக்கப்பட்டன. எந்த மசோதா சட்டமானாலும், அபராதம் வாங்கிய தொகைக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதையும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவைக் கோர்ட்டு அதே வழக்கில் போடலாம் என்பதையும் சேர்க்காவிட்டால் ஏழைக்குப் பயனில்லை.

சட்டம் மாறும்வரை காத்திராமல் இப்பொழுதே செய்யக்கூடியவை உண்டு. அவற்றை மத்திய சர்க்காருக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் ஜில்லா அதிகாரிகளுக்கும் நாம் சமர்ப்பிக்கிறோம்.

முதலாவது, குடிபெயர்வோர் பாதுகாவலரின் காரியாலயம் சென்னையில் இருக்கிறது. மணமேல்குடியிலிருந்து அங்கே போய் வருவது ஏழைக்கு ஆகக்கூடியதன்று. கணினி வழியாகப் புகார் செய்யலாம் என்பது மெய்யே; ஆனால் ஏமாந்தவர்களில் அநேகர் அதைத் தாமே எழுதக்கூடியவர்களல்லர். மாதம் ஒருமுறை, குறிப்பிட்ட தேதியில், அந்த அதிகாரியோ அவருடைய பிரதிநிதியோ புதுக்கோட்டைக் கலெக்டர் காரியாலயத்தில் உட்கார்ந்து, ஒப்பந்தங்களைப் பார்த்துச் சொல்லவும் புகார்களை வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாவது, பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் ஜாபிதாவும், 35,400 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம் என்ற அறிவிப்பும் ஒவ்வொரு பஞ்சாயத்துக் கட்டடத்திலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். கிராமசபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமென்று நாம் கருதுகிறோம். வேலை ஒப்பந்தமும் விசாவும் சரியாக இருப்பவனுக்கு, கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் குறைந்த வட்டிக்குப் பிரயாணக் கடன் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தொகை கடன் வாங்குபவன் கைக்குப் போகாமல், பதிவு பெற்ற ஏஜெண்டின் பாங்குக் கணக்குக்கு நேரே போக வேண்டும். மகனை எப்படியாவது அனுப்பிவிட வேண்டுமென்று துடிக்கிற தகப்பனாரால் ரசீதைக் கண்டிப்பாகக் கேட்க முடியாது. கடன் கொடுக்கிற சங்கம் கேட்கும். ரசீது கொடுக்க மாட்டேன் என்கிற ஏஜெண்டுக்குக் கடன் பணம் கிடையாது என்று ஏற்பட்டுவிட்டால், போலீஸார் செய்ய முடியாததைப் பேரேடு செய்துவிடும். நூற்றுக்கு மூன்று வட்டிக்காரருக்கும் அதனால் வேலை குறையும்.

நான்காவது, சிங்கப்பூர் அந்தப் பதினெட்டுத் தேசங்களில் ஒன்றன்று. ஆகவே அங்கே போகும் நம் வாலிபர்களுக்குக் குடிபெயர்வு அனுமதியின் பாதுகாப்பு இல்லை. பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஏஜெண்டுக் கட்டணம் என்று அவர்கள் கொடுப்பதற்கும் வரம்பும் ரசீதும் ஏற்பட வேண்டும். 2011-ஆம் ஆண்டிலேயே அயல்நாட்டுத் தமிழர் நலச் சட்டம் செய்த தமிழ்நாடு சர்க்கார், ஜனவரி 12-ஆம் தேதியை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. விழா நடக்கட்டும். கூடவே, 1978 முதல் தன் வசத்திலேயே இருந்து வரும் அயல்நாட்டு வேலைவாய்ப்புக் கம்பெனிக்கு ஜில்லாதோறும் ஒரு கிளையையும் திறக்கட்டும். சர்க்காரே நேர்மையாக ஆள் அனுப்பத் தொடங்கினால், நேர்மையற்றவரின் கடையில் கூட்டம் தானே குறையும். கேரள சர்க்கார் 1996-லேயே இதற்கெனத் தனி இலாகா ஏற்படுத்தியது. நமக்கு அது கைகூடாது என்பதற்கு நியாயமில்லை.

சர்க்காரிடம் கேட்பவற்றைக் கேட்டோம். நம் ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் கொடுக்கும்போது சீர்வரிசைக்குக் கணக்கெழுதுகிறோம். மொய்க்கு நோட்டுப் போட்டு எழுதுகிறோம். பத்து ரூபாய் மொய்யை எழுதிவைக்கும் ஊரில், லட்ச ரூபாயை எழுத்தில்லாமல் கொடுப்பது என்ன விவேகம்? சொந்தக்காரராகவே இருக்கட்டும், கையெழுத்துக் கேட்பது அவமரியாதையன்று. நேர்மையான மனிதர் அதற்கு வருத்தப்பட மாட்டார். வருத்தப்படுகிறவரிடம் மகனை ஒப்படைப்பது தகாது.

இனி, அந்த விவசாயிக்கு நாம் சொன்ன பதில். “ரசீது இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்பது தவறு, ஐயா” என்றோம். இந்தச் சட்டப்படி வழக்குத் தொடர மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டுமென்ற விதி ஒன்று உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவருடைய தகப்பனார், தாயார், கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார் ஆகியவர்களில் ஒருவரோ தாமே புகார் செய்தால் அந்த அனுமதி தேவையில்லை. இது அநேகருக்குத் தெரியாது. பணம் கொடுத்தபோது உடனிருந்தவரின் வாய்மொழியும் சாட்சியமே. பாங்கிலிருந்து அந்தத் தேதியில் பணம் எடுத்த கணக்கும், நகை அடகு வைத்த சீட்டும் அதற்குத் துணை நிற்கும். ஏஜெண்டு தொலைபேசியில் அனுப்பிய செய்திகளையும், 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் விதிப்படி உரிய சான்றுடன் கொடுத்தால் கோர்ட்டு ஏற்கும். ஆகவே ஒரு செய்தியையும் அழித்துவிட வேண்டாம் என்று சொன்னோம். மகனுடைய அக்காமா விஷயமாகத் தூதரகத்துக்கு அன்றே மனு எழுதி அனுப்பினோம்.

அவர் காகிதங்களை மறுபடியும் பைக்குள் அடுக்கினார். நோட்டுத் தாளை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பான் ஐயா, நான்தான் கேட்கவில்லை” என்றார். அந்தப் பழியை அவர் தம் தலையில் மட்டும் போட்டுக்கொள்வது நியாயமன்று. கேட்கும் தைரியத்தை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது சர்க்கார். அடுத்த மாதம் இந்த ஜில்லாவிலிருந்து புறப்படப் போகும் வாலிபர்களின் தகப்பனார்களுக்காவது அந்தத் தைரியம் கிடைக்கும்படி செய்யுமா என்பதே நம் கேள்வி. புதுக்கோட்டைக் கலெக்டர் காரியாலயத்தில் ஒரு மேஜையும், மாதத்தில் ஒரு நாளும் அதன் ஆரம்பத்துக்குப் போதும்.